சர்க்கரையே இல்லை, ஆனாலும் பல் கூசுகிறதே!

கேள்வி: டாக்டர் அம்மா, நாங்கள் நாமக்கல் பக்கம். என் வீட்டுக்காரருக்கு 38 வயது. முட்டை லோடு ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு மூன்று, நான்கு நாள் கொச்சிக்கு லாரி ஓட்டுகிறார். ராத்திரி தூக்கம் வராமலிருக்க எனர்ஜி டிரிங்க்கோ கோலாவோ பாட்டிலில் வாங்கி வைத்துக்கொள்வார். போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் ‘சுகர் பார்டரில் இருக்கிறது’ என்று சொன்னதும், டீயைக்கூட விட்டுவிட்டு, சர்க்கரை இல்லாத பானத்துக்கு மாறினார். இப்போது சூடு, குளிர், காற்று எது பட்டாலும் பல் விண்ணென்று தெறிக்கிறது என்கிறார். முன்பற்கள் மஞ்சளாகி, நுனி மட்டும் கண்ணாடி மாதிரி தெரிகிறது. அழுக்கு என்று நினைத்துக் கரிப் பல்பொடி போட்டு அழுத்தித் தேய்க்கிறார். “எனாமல் தேய்ந்திருக்கிறது, கூல்டிரிங்க்ஸை விடுங்கள்” என்று இங்கே ஒரு பல் டாக்டர் சொன்னார். இவர் நம்பவில்லை. “சர்க்கரையே இல்லாததில் பல் எப்படிக் கெடும்?” என்கிறார். கோலாவில் போட்டால் பல் ஒரே ராத்திரியில் கரைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து, பாப்பாவின் விழுந்த பால்பல்லை டம்ளரில் ஊறப்போட்டார். காலையில் எடுத்தால் அப்படியேதான் இருந்தது. விளம்பரத்தில் காட்டும் பேஸ்ட்டால் எனாமல் திரும்ப வளருமா? எலுமிச்சை ஜூஸுக்கு மாறச் சொல்லலாமா? எட்டு வயது மகளும் அப்பா பாட்டிலில் மிச்சம் இருப்பதைக் குடிக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கும் மாம்பழ ஜூஸ் பாக்கெட் கேட்கிறாள். என்ன செய்வது?
பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு சபாஷ். வாட்ஸ்அப்பில் வந்ததை நாலு பேருக்கு அனுப்பிவிட்டுப் போகாமல், ஒரு பல்லை எடுத்து டம்ளரில் போட்டுப் பார்த்தாரே, அந்தக் குணம் எனக்குப் பிடித்திருக்கிறது. 22 வருஷமாகப் பல் பார்க்கிறேன். சோதனை செய்துவிட்டு வந்து வாதாடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் கண்ணால் கண்டது சரி. அதை வைத்து அவர் எடுத்த முடிவுதான் சரியில்லை.

பல் கோலாவில் கரைகிற கதைக்கு வயசு அதிகம். 1950-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால், கிளைவ் மெக்கே என்ற கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாட்சி சொன்னார். கோலாவில் ஊறும் பல் இரண்டு நாளில் இளகிக் கரையத் தொடங்கும் என்றார். இளகத் தொடங்கும் என்றது வாய் மாறி வாய் மாறிக் கரைந்தே போய்விடும் என்றாகி, இரண்டு நாள் ஒரு ராத்திரியாகச் சுருங்கி, உங்கள் ஊர் லாரி ஷெட் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

பல் அப்படியேதான் இருந்தது என்கிறீர்கள். ஈரமாக இருக்கும்போது அப்படித்தான் தெரியும். அதைத் தூக்கி எறியவில்லை என்றால், கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோலாவின் பழுப்பைத் தாண்டி, மேலே இருந்த பளபளப்பு மங்கியிருக்கும். ஊறப்போடாத இன்னொரு பால்பல் வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் புரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. டம்ளரில் பானம் அசையாமல் கிடந்தது. பல்லிலிருந்து கரைந்த கால்சியம் பல்லைச் சுற்றியே தேங்கி நிற்கும். அது தேங்கத் தேங்க, கரைவதும் மந்தமாகும். வாய்க்குள் அப்படி இல்லை. ஒவ்வொரு மடக்கும் புதுப் பானம். நாக்கும் கன்னமும் அதைப் பல்மேல் புரட்டிக்கொண்டே இருக்கும். வாயில் எச்சில் என்று ஒரு காவல்காரன் இருக்கிறான், டம்ளரில் அவன் இல்லை, அதுவும் உண்மைதான். ஆனால் அந்தக் காவல்காரனுக்கு வேலை செய்ய அவகாசம் வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் சிக்கலே அங்கேதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

“சர்க்கரையே இல்லாததில் பல் எப்படிக் கெடும்?” நல்ல கேள்வி. பல் கெடுவது என்றாலே சொத்தை என்றுதான் நமக்கெல்லாம் சிறு வயதிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொத்தையில் நடப்பது இது: வாயில் குடியிருக்கும் கிருமிகள் நாம் தின்னும் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கின்றன. அந்த அமிலம் கிருமிப் படலம் ஒட்டியிருக்கும் இடத்தில் பல்லைத் துளைக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு வந்திருப்பது அமிலத் தேய்மானம். இதில் கிருமிக்கு வேலையே இல்லை. கிருமி கஷ்டப்பட்டுத் தயாரிக்கும் அமிலத்தைப் பான கம்பெனியே பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுகிறது. அது படுகிற பல்லையெல்லாம், சுத்தமாகத் துலக்கிய பல்லையும் சேர்த்து, மேலிருந்து கரைக்கும். சர்க்கரையை எடுத்துவிட்டதால் அவர் ரத்தத்துக்கு நல்லது, சொத்தைக்கும் நல்லது. எனாமலுக்கு ஒரு பைசா லாபம் இல்லை, ஏனென்றால் அமிலம் அப்படியே இருக்கிறது.

நம்பவில்லை என்றால் பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ‘அசிடிட்டி ரெகுலேட்டர்’ என்று போட்டுப் பக்கத்தில் எண் இருக்கும். 338 என்றால் பாஸ்பாரிக் அமிலம், கோலாக்களில் இருப்பது. 330 என்றால் சிட்ரிக் அமிலம்; எலுமிச்சையின் புளிப்பு அதுதான். 296 மாலிக் அமிலம். ஆப்பிளில் இருக்கிற புளிப்பு. ‘அசிடிட்டியைக் கட்டுப்படுத்துமாம் டாக்டர், வயித்துக்கு நல்லதுன்னு போட்டிருக்கு’ என்று அந்த வரியைக் காட்டியே என்னிடம் சொன்னவர் ஒருவர் உண்டு. பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

சிலர் கேஸ்தான் பல்லைக் கெடுக்கிறது என்று நினைத்து, மூடியைத் திறந்து வைத்துக் கேஸ் போனபிறகு குடிக்கிறார்கள். கேஸ் போய்விடும், 338-உம் 330-உம் எங்கே போகும்? வெறும் சோடாவில் இருக்கும் கேஸால் உண்டாகிற அமிலம் ரொம்பச் சாது. கோலி சோடாக்காரர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

எவ்வளவு கடுமை என்பதை பிஹெச் என்ற அளவில் சொல்வோம். சுத்தமான தண்ணீர் 7. எண் இறங்க இறங்க அமிலம் ஏறும், ஓர் எண்ணுக்குப் பத்து மடங்கு. ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்குகிறது. பாக்கெட்டில் வரும் பழ ஜூஸ் பெரும்பாலும் 3-இலிருந்து 4-க்குள் இருக்கும். எனர்ஜி டிரிங்க் 3-ஐ ஒட்டி, சில 3.5 வரை. கோலா 2.5-ஐ ஒட்டி. 5.5-க்கும் 2.5-க்கும் மூன்றே எண்தான் வித்தியாசம், மடங்கில் பார்த்தால் ஆயிரம்.

எண் எல்லாம் வேண்டாம் என்றால் வேறு மாதிரி சொல்கிறேன். உங்கள் அடுப்படி மேடை கடப்பாக் கல்லா? எலுமிச்சை பிழியும்போது சிந்தியதைத் துடைக்காமல் விட்டால், அந்த இடம் மட்டும் வெளுத்து, கை வைத்தால் சொரசொரவென்று இருக்குமே, அதுதான். பல் அந்தக் கல்லைவிடப் பல மடங்கு உறுதி, அதனால் மெதுவாக நடக்கிறது. சின்ன வயதில் மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுவிட்டு, மதியச் சோற்றை மெல்ல முடியாமல் பல் கூசி உட்கார்ந்திருப்போமே? அன்றைக்குக் கூசியதும் அமிலத்தால்தான். மறுநாள் சரியாகிவிடும், ஏனென்றால் மாங்காய் சீசனுக்குச் சீசன்தான் வரும். பாட்டில் தினமும் வருகிறது.

இனி அந்தக் காவல்காரன் கதை. அவர் எப்படிக் குடிக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேருக்குப் பல் பார்த்திருப்பதால் நானே சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். லோடு கட்டிக் கிளம்பும்போது மூடியைத் திறப்பார். ஈரோடு தாண்டி ஒரு மடக்கு. அவிநாசி வெளிச்சம் தெரியும்போது ஒன்று. கோவை பைபாஸில் கண் சொக்கினால் இரண்டு. வாளையாறில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது சும்மா கையில் இருக்கிறதே என்று ஒன்று. பாலக்காடு, குதிரான் சுரங்கம், திருச்சூர், அங்கமாலி என்று கொச்சி போய்ச் சேரும்போது பாட்டில் தீர்ந்திருக்கும். ஒரு ராத்திரிக்கு ஒரு பாட்டில்தான், அதிகமாகக் குடிப்பதே இல்லை என்று சத்தியம் செய்வார். பொய் இல்லை, அளவு குறைவுதான்.

ஆனால் பல் அளவைக் கணக்கு வைப்பதில்லை. எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்றுதான் கணக்கு வைக்கும். ஒரு மடக்கு உள்ளே போனதும் எச்சில் ஓடி வருகிறது. அமிலத்தைக் கழுவி விழுங்க வைக்கிறது, மிச்சத்தைச் சமன் செய்கிறது. இதற்குச் சில நிமிஷம் ஆகும். அப்புறம் இளகிப்போன மேற்பரப்புக்குத் தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொடுத்து இறுக வைக்கப் பார்க்கிறது. இதற்கு மணிக்கணக்கில் ஆகும். ஈரோட்டு மடக்கைச் சரி செய்துகொண்டிருக்கும்போதே அவிநாசி மடக்கு வந்துவிட்டால் என்ன செய்யும்? அந்தப் பாட்டிலைச் சாப்பாட்டோடு பத்து நிமிஷத்தில் குடித்து முடித்திருந்தால் பல்லுக்கு ஒரு அடி. வழி நெடுக உறிஞ்சியதால் இருபது, முப்பது அடி. காசும் அதே காசு, பாட்டிலும் அதே பாட்டில்.

போதாததற்கு, ராத்திரியில் எச்சில் சுரப்பதே குறைவு. வண்டியை அடிக்கடி நிறுத்த வேண்டாமென்று பல டிரைவர்கள் தண்ணீரும் குறைத்துத்தான் குடிப்பார்கள். உடம்பில் தண்ணீர் குறைந்தால் எச்சிலும் குறையும். ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் வாய் வறளும். இன்ஜின் சூட்டில் கேபினில் கிடக்கும் பாட்டில் வெதுவெதுப்பாகிவிடும். ஒரே பானம் ஜில்லென்று இருக்கும்போது கரைப்பதைவிடச் சூடாக இருக்கும்போது வேகமாகக் கரைக்கும். அவர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் எனாமலுக்கு எதிராக எல்லாமே ஒன்று சேர்ந்து நிற்கிறது.

அப்புறம் அந்தக் கரிப் பல்பொடி. உங்களைத்தான் கேட்கிறேன்: வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கை எப்படித் தேய்ப்பீர்கள்? புளியைக் கரைத்துப் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, அப்புறம் நார் போட்டுத் தேய்ப்பீர்கள். புளி இளக்கும், நார் உரித்தெடுக்கும். விடியற்காலை கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, கையோடு கரிப்பொடி போட்டு அழுத்தித் தேய்த்தால் அவர் பல்லுக்குச் செய்வதும் இதேதான். விளக்கில் உரிந்து போவது களிம்பு. பல்லில் உரிந்து போவது பல்.

அவர் அழுக்கு என்று நினைக்கும் மஞ்சள் அழுக்கே அல்ல. எனாமல் பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடி போன்றது. அதற்கு அடியில் இருக்கும் டென்டைன் இயற்கையிலேயே மஞ்சள். நைந்த வேட்டியில் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி, எனாமல் மெலிய மெலிய அந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. வெள்ளையாக்கத் தேய்க்கத் தேய்க்க இன்னும் மஞ்சளாகும். பல்லின் நுனியில் டென்டைன் கிடையாது, இரண்டு பக்கத்து எனாமலும் ஒட்டியிருக்கும் இடம் அது. அங்கே மெலிந்ததால்தான் நீங்கள் சொல்லும் கண்ணாடித் தோற்றம். டென்டைனில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் நரம்பை நோக்கிப் போகின்றன. மேல் மூடி போனதும் சூடு, குளிர், காற்று எல்லாம் நேரே அங்கே தட்டுகிறது, விண்ணென்று தெறிக்கிறது.

அவர் வீட்டில் இருக்கும் ஒரு பகலில் செல்போன் டார்ச்சை அடித்து வாயைப் பாருங்கள். கடைவாய்ப் பற்களின் மேட்டில் சின்னக் கிண்ணம் போலக் குழிந்திருக்கிறதா? முன்பே அடைத்த ஃபில்லிங் ஏதாவது இருந்தால், சுற்றியிருக்கும் பல் இறங்கி, ஃபில்லிங் மட்டும் தீவு மாதிரி மேலே நிற்கிறதா? இரண்டும் அமிலத் தேய்மானத்தின் கையெழுத்து. பிறகு அண்ணாந்து படுக்க வைத்து, மேல் முன்பற்களின் உள்பக்கத்தை, அதாவது நாக்குப் பக்கத்தைப் பாருங்கள். தேய்மானம் அங்கேதான் அதிகம் என்றால் பாட்டிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வயிற்று அமிலம் மேலே வருகிறதோ என்று பார்க்க வேண்டும். புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், படுத்தால் எதுக்களிப்பது இவையெல்லாம் உண்டா என்று கேளுங்கள். நேரம் கெட்ட நேரத்தில் பரோட்டா தின்றுவிட்டு உடனே கேபினில் சாய்கிறவர்களுக்கு இது சகஜம். இருந்தால் பல் டாக்டரிடம் சொல்வதோடு பொது மருத்துவரையும் பாருங்கள். வயிற்று அமிலம் கோலாவைவிடக் கடுமையானது.

பேஸ்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனாமலைக் கட்டிய செல்கள், பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போதே செத்துவிடுகின்றன. அதனால்தான் எலும்பு ஒடிந்தால் கூடுகிறது, எனாமல் போனால் போனதுதான். ஃபுளோரைடு பேஸ்ட் இளகியிருக்கும் எனாமலை இறுக்கும், இனி வரும் அமிலத்துக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்க வைக்கும். அது பெரிய உதவி, சந்தேகமே இல்லை. ‘வளரும்’ என்பது விளம்பரப் பேச்சு. பல் கூச்சத்துக்கென்று விற்கும், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். ஸ்டானஸ் ஃபுளோரைடு என்று எழுதியிருந்தால் தேய்மானத்துக்கு இன்னும் நல்லது. இரண்டு நாளில் பலிக்காது, சில வாரம் விடாமல் தேய்க்க வேண்டும். மிருதுவான பிரஷ். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுப் பலமுறை கொப்பளித்து மருந்தையெல்லாம் கழுவித் தள்ள வேண்டாம். கரிப் பொடியை இன்றே குப்பையில் போடுங்கள். உப்பு, செங்கல்தூள் என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது வேறு யோசனை சொன்னால் அதையும் சேர்த்து.

எப்போது தேய்ப்பது? சாயங்காலம் கிளம்புமுன் ஒரு தடவை. காலையில் அமிலப் பானம் எதுவும் குடித்திருந்தால் முதலில் வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். காத்திருப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை என்பதால் நான் இன்னும் அதைத்தான் சொல்லி வருகிறேன்.

எலுமிச்சை ஜூஸ் கேட்டீர்கள். இதில் என் கதையே இருக்கிறது, சொல்ல வெட்கம்தான். சில வருஷங்களுக்கு முன் உடம்பு இளைக்க வேண்டுமென்று தினமும் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து ஒரு பெரிய ஃபிளாஸ்க்கில் கிளினிக்குக்குக் கொண்டுபோவேன். ஒரு பேஷன்ட் எழுந்து போனால் ஒரு வாய், அடுத்தவர் வருவதற்குள் ஒரு வாய். ஆறு மாதத்தில் ஒரு நாள் ஐஸ்கிரீம் சாப்பிட்டபோது மேல் கோரைப்பல் சுரீரென்றது. பல் டாக்டர் நான்! கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஈறு ஓரத்தில் பல் மழுமழுவென்று வழித்துவிட்ட மாதிரி இருக்கிறது. எடை ஒன்றரைக் கிலோ குறைந்தது, அதுவும் திரும்ப ஏறிவிட்டது. பல்லில் போனது திரும்பவில்லை. எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் 2-க்கும் 2.5-க்கும் நடுவே. வீட்டில் பிழிந்ததா, பாட்டிலில் வந்ததா என்று பல்லுக்குத் தெரியாது. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் குடிப்பதில் தப்பே இல்லை. ராத்திரி முழுக்க உறிஞ்ச அது ஆகாது.

மாற்று வேண்டுமென்றால் மோர் கொடுத்து அனுப்புங்கள். மோரும் புளிப்புதானே என்பார். நியாயமான சந்தேகம், மோரின் பிஹெச் 4-ஐ ஒட்டித்தான் இருக்கும், கணக்குப்படி பல்லைக் கரைக்க வேண்டும். ஆனால் மோரில் கால்சியமும் பாஸ்பேட்டும் தாராளமாக இருக்கின்றன. பல்லிலிருந்து பிடுங்க வேண்டிய சரக்கு ஏற்கனவே மோரிலேயே நிறைந்திருப்பதால் அது பல்லைத் தொடுவதில்லை. உப்புப் போட்ட நீர்மோர், அடிக்கடி வெறும் தண்ணீர், இரண்டும் போதும். தூக்கத்துக்கு என்ன செய்ய என்றால், அவர் விட்டுவிட்ட டீயே பரவாயில்லை. சர்க்கரை போடாத பால் டீ எனாமலை ஒன்றும் செய்யாது. சுகருக்குப் பயந்து டீயை விட்டுப் பாட்டிலைப் பிடித்ததுதான் இந்தக் கதையில் எனக்கு வருத்தமான இடம். சர்க்கரையை மட்டும் விட்டிருந்தால் போதும். நிஜமாகவே தூக்கம் வந்தால் டீயும் வேண்டாம், வண்டியை ஓரங்கட்டிவிட்டு இருபது நிமிஷம் கண்ணை மூடச் சொல்லுங்கள். இது பல் டாக்டர் சொல்ல வேண்டியது இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன்.

ஒரேயடியாக நிறுத்த மாட்டேன் என்று முறைத்தால் சண்டை வேண்டாம். வழியில் சாப்பிட நிறுத்தும் இடத்தில், சாப்பாட்டோடு, ஜில்லென்று ஒன்று குடிக்கட்டும். உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிட்டு, வாயில் வைத்துக் கொப்பளிக்காமல் விழுங்கி, தண்ணீரில் வாயைக் கழுவிவிட்டு வண்டி ஏறட்டும். கேபினுக்குள் அந்தப் பாட்டில் வரக்கூடாது. இந்த ஒன்றை மட்டும் அவர் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

மகள் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. எனர்ஜி டிரிங்க் பாட்டிலில் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் ஏற்றதல்ல என்று அச்சடித்தே விற்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறையின் விதி. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் கூடாது. அதில் இருக்கும் காஃபீன் எட்டு வயதுப் பிள்ளைக்கு எதற்கு? மாம்பழ ஜூஸ் என்று நாம் சொல்லும் பாக்கெட்டில் பழம் 10 சதவீதம் இருந்தாலே விதிக்குப் போதும்; மீதி தண்ணீர், சர்க்கரை, நம் பழைய நண்பர் 330. அப்பாவுக்காவது அமிலம் மட்டும்தான். பாப்பாவுக்கு அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து கிடைக்கிறது, தேய்மானமும் சொத்தையும் ஒரே பாக்கெட்டில். பால்பல்லின் எனாமல் பெரியவர்கள் பல்லின் எனாமலில் பாதி கனம்தான் இருக்கும். ‘விழப்போகிற பல்தானே’ என்றும் விட முடியாது. எட்டு வயதில் வாயின் முன்பக்கத்திலும், பால் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் வாயின் கோடியிலும் இருப்பவை ஏற்கனவே முளைத்துவிட்ட நிலைப்பற்கள். அவளுக்கு எழுபது வயதாகும்போதும் அவைதான் இருக்க வேண்டும், புதிதாக முளைத்ததால் அவற்றின் எனாமல் இன்னும் முற்றவும் இல்லை. தண்ணீர் பாட்டிலும் ஒரு பழமும் கொடுத்து அனுப்புங்கள். மாம்பழ சீசனில் மாம்பழத்தையே நறுக்கிக் கொடுங்கள். பாக்கெட் ஜூஸ் பிறந்த நாளுக்கும் திருவிழாவுக்கும் இருக்கட்டும்.

நாமக்கல்லில் இருக்கிறீர்கள், முட்டைக்கா பஞ்சம்? ஒரு முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் பாப்பாவை வைத்தே போடச் சொல்லுங்கள். போட்டவுடன் குமிழ் குமிழாகப் பொங்கும். முட்டை ஓடு வேறு வகைக் கால்சியம், பல்லைவிட ரொம்பச் சீக்கிரம் கரையும் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அதுவும் நாளைக்கு ஒரு வாட்ஸ்அப் ஆகிவிடும்.

கடைசியாகச் சிகிச்சை. அந்தப் பல் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், அவரிடமே திரும்பப் போகலாம். இல்லையென்றால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போங்கள். தேய்மானம் எந்தப் பல்லில் எவ்வளவு என்று குறித்து வைத்துக்கொண்டு, ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் முன்பல் நுனிக்கும் கடைவாய்க் குழிகளுக்கும் பல் நிறத்திலேயே காம்போசிட் அடைப்பு வைத்தால் போதும் என்று தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லாப் பல்லுக்கும் கேப் போட வேண்டும் என்று யாராவது முதல் நாளே சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். கேப் போட இருக்கிற பல்லையும் ராவ வேண்டும், தேய்ந்து போன பல்லில் அவ்வளவு தாராளம் கிடையாது. பாட்டிலை நிறுத்தாமல் அடைப்பு மட்டும் வைத்தால், ஒன்றிரண்டு வருஷத்தில் சுற்றியிருக்கும் பல் மறுபடி இறங்கி, நான் முன்னே சொன்ன தீவாகிவிடும்.

போகும்போது அவர் வழக்கமாகக் குடிக்கும் பாட்டிலையும், டம்ளரில் போட்ட அந்தப் பால்பல்லையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். நானாக இருந்தால் இரண்டையும் மேஜைமேல் வைத்து, கையில் லென்ஸைக் கொடுத்து, அவரையே பார்க்கச் சொல்லுவேன்.